வெளி ஆள் கை வைக்கக் கூடாது

அண்ணன் வந்தால் அழைப்பு மணியை அழுத்த மாட்டார். வாசல் ஓரமாக நிற்கும் மோட்டார் சைக்கிளின் பிரேக் பிடியை அழுத்துவார், விடுவார், மறுபடி அழுத்துவார். அந்தச் சத்தம் சமையலறை ஜன்னல் வழியாக உள்ளே வந்ததும் அவள் டீக்குத் தண்ணீர் வைத்துவிடுவாள். அவளுக்குக் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த பிறகு வண்டி மாறியிருக்கிறது, ஜன்னலின் சாயம் மாறியிருக்கிறது. இந்தப் பழக்கம் மாறியதில்லை.

கதவைத் திறந்தால் அவர் அதற்குள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து செயினை விரலால் தூக்கிப் பார்த்துக்கொண்டிருப்பார். தலையைத் திருப்பாமல் சொல்வார்:

"வண்டியப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

எல்லா ஞாயிற்றுக்கிழமையும் இதுதான். வேறு வார்த்தை சொல்லி அவர் அந்த வாசலில் நின்றதில்லை.

அண்ணன் மெக்கானிக். பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால், ஒரு மாடிப்படிக்குக் கீழே அவருடைய கடை. அஜாக்கிரதையாக நிமிர்ந்தால் தலை இடிக்கும். தெருவில் அவருக்கு 'நட்டு' என்று பெயர். கழற்றுகிற நட்டைக் கீழே வைத்தால் காணாமல் போய்விடும் என்று வாயில் வைத்துக்கொண்டு வேலை செய்வார். வருகிறவர்களிடம் பேச வேண்டியிருக்காது, அதற்காகத்தான் வாயில் வைத்திருக்கிறார் என்று அவள் கணவர் சொல்வார்.

கணவர் ஒரு பரிசோதனைக் கூடத்துக்காக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கிறவர். விடியும்போதே கிளம்பிவிடுவார். வெறும் வயிற்றோடு காத்திருக்கிறவர்களின் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுத்து, குழாய்களை ஐஸ் பெட்டியில் அடுக்கி, வண்டியில் கட்டிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போவார். அண்ணன் அவரை நேரில் 'மாப்பிள்ளை' என்பார். ஆள் இல்லாத இடத்தில் 'கொசு'. இது கணவருக்கும் தெரியும்.

அவளும் அண்ணனும் அம்மா இல்லாமல் வளர்ந்தவர்கள். அப்பாவுக்கு இரவுக் காவல் வேலை, பகலில் தூக்கம். அவர் எழுந்துவிடக் கூடாதென்று பிள்ளைகள் இரண்டும் சத்தமில்லாமலே இருந்து பழகின. ஒரே அறையில் அத்தனை வருடம் இருந்தும், இருவரும் பேசிக்கொண்டதை ஒரு தபால் அட்டையில் எழுதிவிடலாம். அவளுக்குக் காய்ச்சல் வந்தால் எப்படி இருக்கிறது என்று அண்ணன் கேட்க மாட்டார். அவள் படுத்திருக்கும் கட்டிலின் ஆடுகிற காலுக்கு அட்டையை மடித்து முட்டுக் கொடுப்பார். மறுநாள் காய்ச்சல் இறங்கினால் அட்டையை எடுத்துவிடுவார். மறுபடி கட்டில் ஆடும்.

கல்யாணமான புதிதில் அவர் அவளைப் பார்க்க வந்த முதல் நாள், கேட் பக்கத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் வெகுநேரம் நின்றார். அவள் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். கூப்பிட அவளுக்கும் வாய் வரவில்லை. கடைசியில் அவர் கண்ணில் வண்டி பட்டது. உட்கார்ந்துவிட்டார்.

வண்டி முடிந்ததும் கை முழுக்க கருப்பாக இருக்கும். அதைக் கழுவ அவர் வீட்டுக்குள் வர வேண்டும். பின்பக்கக் குழாயில், அவள் எடுத்துக் கொடுக்கும் சோப்புத்தூளைப் போட்டு முழங்கை வரை தேய்ப்பார். துண்டு வாங்கித் துடைப்பார். அதற்குள் அவள் தட்டு வைத்திருப்பாள். வைத்தாகிவிட்டதே என்று உட்கார்ந்து சாப்பிடுவார். சாப்பிட்ட பிறகு அவள் பாத்திரம் துலக்கும்வரை சமையலறை நாற்காலியில் இருப்பார். இருவரும் ஒன்றும் பேச மாட்டார்கள். அவளுக்கு வாரத்தில் அந்த நேரம்தான் வேண்டியிருந்தது.

இந்தப் புது வண்டி வாங்கியபோது கம்பெனி கொடுத்த வாரண்டி முடியப் போகிறது என்று போன் வந்தது. ஒரு சனிக்கிழமை கணவரும் அவளும் ஷோரூமுக்குப் போனார்கள். உள்ளே எல்லாம் புது ரப்பர் வாசனை. மேசைக்குப் பின்னால் இருந்த பெண்ணின் நகச்சாயம் பாதி உரிந்திருந்தது. பேச்சு மட்டும் எங்கேயும் உரியாமல் வந்தது.

"இந்த மாசத்தோட வாரண்டி முடியுது சார். மாசக் கடைசிக்குள்ள எக்ஸ்டெண்டட் வாரண்டி எடுத்துக்கிட்டீங்கன்னா, எஞ்சின்ல, எலக்ட்ரானிக் போர்டுல என்ன போனாலும் எங்க செலவு. ஒரே ஒரு கண்டிஷன். வெளி ஆள் கை வைக்கக் கூடாது."

"வெளி ஆள்னா?" என்றார் கணவர்.

"நம்ம சர்வீஸ் சென்டர் தவிர யாரா இருந்தாலும்."

"செயின் இறுக்குறதுகூடவா?"

"செயினும்தான் சார்."

"சும்மா எண்ணெய் விடுறது?"

"நீங்க விடலாம். வெளி ஆள் விடக் கூடாது."

"என் மச்சான் விட்டா?"

அந்தப் பெண் இதை யோசிக்க வேண்டியிருந்தது. "மச்சான் என்ன வேலை பாக்குறாரு?"

"மெக்கானிக்."

"அப்ப வெளி ஆள்தான் சார். வேற வேலை பாக்குற மச்சான்னா பரவால்ல."

கணவர் சிரித்துவிட்டார். பழைய வாரண்டிக்கும் இதே நிபந்தனை உண்டு, வண்டியோடு தந்த புத்தகத்திலேயே இருக்கும் என்றாள் அந்தப் பெண். அந்தப் புத்தகம் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் சீட்டுக்கு அடியில் கிடந்தது. தெரியாதவரைக்கும் அண்ணன் ஞாயிறுதோறும் கை வைத்துக்கொண்டுதான் இருந்தார்.

அவளுக்கு அந்தப் பெண்ணிடம் ஒன்று கேட்க வேண்டும் போல இருந்தது. மனதுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். ஆனால் கண்ணாடி மேசை, எதிரே ஆள், வாய் திறக்கவில்லை. திரும்பும் வழியில், வண்டியின் பின்னால் உட்கார்ந்தபடி, கணவரின் முதுகிடம் கேட்டாள்.

"கை வைக்காம, பாக்க மட்டும் பாக்கலாமா?"

"எத?"

"வண்டிய."

"அது என்ன பொண்ணா, பாத்துட்டுப் போறதுக்கு?" என்றார் அவர். காற்றில் பாதி கேட்டது. அவள் விட்டுவிட்டாள்.

வாரண்டி வேண்டும் என்பதற்குக் கணவரிடம் ஒரு காரணம் இருந்தது. பழைய வண்டி ஒரு நாள் வெயிலில் நடுவழியில் நின்றுவிட்டது. பெட்டியில் ஐஸ் கரைந்து ரத்தம் எல்லாம் கெட்டுப்போனது. அன்று காலை ஒரு வயதான அம்மாவின் கையில் நரம்பு தேடித் தேடி எடுத்த ரத்தமும் அதில் இருந்தது. மறுநாள் போய், தப்பாயிடுச்சும்மா, இன்னொரு தடவை எடுக்கணும் என்றார். அந்த அம்மா கையை நீட்டினார். நீல நிறத்தில் வீங்கியிருந்த அதே கையை. "திட்டியிருந்தாக்கூடத் தேவலை" என்று கணவர் இப்போதும் சொல்வார். ஒருவரை இரண்டாவது தடவை குத்துவதைப்போல அவருக்குப் பிடிக்காத காரியம் உலகத்தில் வேறில்லை. புது வண்டியில் போர்டு, சென்சார் என்று என்னென்னவோ இருக்கின்றன. நடுவழியில் நின்றால் தெருவோரத்தில் சரி செய்கிற சமாச்சாரம் இல்லை. வாரண்டி இருந்தால் போன் செய்த உடனே மாற்று வண்டி தருவார்கள். இது அவளுக்கும் நன்றாகப் புரிந்தது. புரிந்ததுதான் கஷ்டமாக இருந்தது.

ஷோரூமுக்குப் போய் வந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பிரேக் பிடியின் சத்தம் கேட்டு அவள் தண்ணீர் வைத்துவிட்டு வெளியே வருவதற்குள் கணவர் முந்திக்கொண்டார்.

"மச்சான், கொஞ்சம் இருங்க. இனிமே வெளி ஆள் கை வைக்கக் கூடாதாம்."

அண்ணனின் விரல் செயினுக்கு அடியில் இருந்தது. மெதுவாக வெளியே எடுத்தார், சூடுபட்டுவிடும் என்பதுபோல. கணவர் ஷோரூமில் நடந்ததை எல்லாம் சொன்னார், வேற வேலை பார்க்கிற மச்சான் கதையையும் சேர்த்து. அண்ணன் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

"நல்லதுதானே மாப்பிள்ளை. எடுத்துருங்க. இந்த வண்டியில போர்டு போச்சுன்னா நானே உங்கள அங்கதான் அனுப்பணும்."

"இன்னும் முடிவு பண்ணல மச்சான்."

"இதுல முடிவு பண்ண என்ன இருக்கு?"

அவள் டீயைக் கொண்டுவந்தாள். நின்றபடியே குடித்தார். கோப்பையை அவள் கையில் கொடுத்தார். ஒரு முறை வண்டியைப் பார்த்தார், ஒரு முறை வீட்டைப் பார்த்தார், வரேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கை அழுக்காகவில்லை. அதனால் கழுவ உள்ளே வரவில்லை. அடுப்பில் மூன்று பேருக்குச் சமைத்தது இருந்தது.

சாப்பிடும்போது அவள் கேட்டாள்: "எங்க அண்ணன வெளி ஆளுன்னு சொல்லிட்டீங்க."

"நானா சொன்னேன்? கம்பெனி சொல்லுது."

"கம்பெனி வந்தா சொல்லுச்சு? உங்க வாயிலதான கேட்டுச்சு."

"அவரு அதெல்லாம் நெனச்சுக்க மாட்டாரு."

"நெனச்சுக்கிட்டாரு."

"எப்படித் தெரியும்?"

"கை கழுவல."

கணவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். ஒன்றும் விளங்காமல் மறுபடி குனிந்துகொண்டார்.

அடுத்த ஞாயிறு அண்ணன் வரவில்லை. வழக்கமான நேரத்துக்கு அவள் தண்ணீர் வைத்தாள். கொதித்து, வற்றி, பாத்திரத்தில் வெள்ளைக் கறை பிடித்தது. கணவர் இரண்டு முறை வாசலுக்குப் போய் வந்தார். காற்று வாங்கப் போனதாகச் சொன்னார்.

அவளுக்கு ஓர் ஆஸ்பத்திரியின் துணி அறையில் வேலை. உலர்த்தும் எந்திரத்திலிருந்து சூடாக வரும் படுக்கை விரிப்பை எதிரெதிரே இருவர் நின்று பிடித்து மடிக்க வேண்டும். அவளுக்கு எதிர்முனையில் நிற்பவளுக்குக் 'கீச்சு அக்கா' என்று பெயர், குரல் அப்படி. இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள்.

"என்னடி இன்னைக்கு? உன் பக்கம் முனை தொங்குது. பேயறைஞ்ச மாதிரி நிக்கிற."

விஷயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கிவிட்டாள்.

"இவ்வளவுதானா? வண்டிய ஓங்கி ஒரு உதை உதச்சுக் கெடுத்துடு. அண்ணன் ஓடி வருவாரு."

"கெட்டா கம்பெனிதான்க்கா வரும்."

கீச்சு அக்கா சிரித்த சிரிப்பில் அடுத்த அறையிலிருந்து ஆள் எட்டிப் பார்த்தது. பிறகு விரிப்பை அலமாரித் தட்டில் வைத்துவிட்டுச் சாதாரணமாகக் கேட்டாள்: "அவரு வரலைன்னா நீ போக வேண்டியதுதானே. கால் இல்லையா உனக்கு?"

போவது என்ற ஒன்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அண்ணன்தான் வருகிறவர், அவள் டீ வைக்கிறவள். அண்ணன் கடைக்குள் அவள் கால் வைத்ததே கிடையாது. பஸ்ஸில் அந்த வழியாகப் போகும்போது கழுத்தைத் திருப்பிப் பார்ப்பதோடு சரி.

மறுநாள் காலை வேலைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு அந்த நிறுத்தத்தில் இறங்கினாள். 'வெளி ஆள்' என்ற பேச்சுக்காகக் கணவரின் சார்பில் மன்னிப்புக் கேட்பது, பிறகு வாரண்டி வேண்டாம் என்று முடிவாகிவிட்டதாகச் சொல்வது. பஸ்ஸில் இதைத்தான் திரும்பத் திரும்ப ஒத்திகை பார்த்தாள். வேண்டாம் என்று கணவரை எப்படியும் சம்மதிக்க வைத்துவிடலாம். அவள் ஒன்றைக் கேட்டு அவர் மறுத்ததில்லை. அவள் கேட்டதும் அதிகமில்லை.

மாடிப்படிக்குக் கீழே எட்டிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பெஞ்சில் ஐஸ் பெட்டி இருந்தது. பக்கத்தில் பழைய டயர் மேல் உட்கார்ந்து, கையில் டீயோடு, காலை ஆட்டிக்கொண்டு கணவர்.

அவளை முதலில் பார்த்தது அண்ணன்தான். எழுந்துவிட்டார்.

"வண்டிக்கு என்ன?"

"வண்டி இங்கதான நிக்குது" என்றாள் அவள். அது அவர் முழங்காலை ஒட்டி நின்றது.

"நீ எங்க இங்க?" என்றார் கணவர்.

"நீங்க எங்க இங்க?"

"டீ குடிக்க வந்தேன்."

"தினமுமா?"

"தினமும் இல்ல" என்றார் கணவர்.

"தினமும்தான்" என்றார் அண்ணன்.

"கல்யாணம் ஆனதுல இருந்தா?"

"முத வருஷம் இல்ல. முத வருஷம் எனக்கு இவரப் பிடிக்காது" என்றார் அண்ணன். கணவரை வைத்துக்கொண்டே சொன்னார். கணவரும் ஆமாம் என்று தலையாட்டினார்.

அண்ணன் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு, கையிலிருந்த துணியால் துடைத்தார். துணியிலிருந்த கருப்பு ஸ்டூலில் ஏறியது. இன்னொரு துணி தேடினார். அவள் அதற்குள் உட்கார்ந்துவிட்டாள். சுற்றிலும் பார்த்தாள். சுவரில் ஸ்பானர்கள் வரிசையாகத் தொங்கின. செயின் எண்ணெய் டப்பா இருந்தது. வண்டியும் இங்கே தினமும் வந்து நிற்கிறது. அவள் பத்தாவதுகூடப் படிக்காதவள்தான். ஆனாலும் ஒரு கணக்கு இடித்தது.

"வண்டிதான் தினமும் இங்க வருதே. இங்கயே பாத்திருக்கலாமே. ஞாயித்துக்கிழமை எதுக்கு அவ்வளவு தூரம் வர்றது?"

அண்ணன் பெஞ்சிலிருந்து ஒரு நட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"அதக் கேளு" என்றார் கணவர். "பழைய வண்டியில ஒரு தடவை பிரேக்கே பிடிக்கல. இங்கதான் கொண்டாந்து நிறுத்துனேன். ஸ்பானரும் இருந்துச்சு, ஆளும் சும்மாதான் இருந்தாரு. 'ஞாயித்துக்கிழமை வரைக்கும் மெதுவா ஓட்டுங்க மாப்பிள்ளை, வீட்டுக்கு வந்து பாக்குறேன்'னுட்டாரு. வாரம் பூரா கால தரையில தேச்சுத் தேச்சுத்தான் நிறுத்துனேன். செருப்பு தேஞ்சதுதான் மிச்சம்."

"பின்பிரேக் மட்டும்தான்" என்றார் அண்ணன், நட்டைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு. "முன்பிரேக் நல்லாத்தான் இருந்துச்சு."

"ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று அவள் கணவரைக் கேட்டாள்.

"சொன்னா நீ இங்கயே பாக்கச் சொல்லிருப்ப. அப்புறம் இவரு எதுக்கு வீட்டுக்கு வருவாரு?"

அண்ணன் சக்கரக் கம்பி ஒன்றைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அவள் கேட்க வந்ததைக் கேட்டாள்.

"அன்னைக்கு இவரு வெளி ஆளுன்னு சொன்னத மனசுல வச்சுக்கிட்டியா அண்ணா?"

"எத?" அவருக்கு நினைவுக்கு வரவே நேரமானது. "கம்பெனிக்கு நான் வெளி ஆள்தானே. உள் ஆளுன்னா சம்பளம் தரணுமே."

"அப்புறம் ஏன் வரல?"

அண்ணன் நட்டை எடுத்துவிட்டார்.

"வண்டியத் தொடக் கூடாதுன்னா, வந்து நான் என்ன பண்ணட்டும்?"

கோபமாகச் சொல்லவில்லை. குறையாகவும் சொல்லவில்லை. உண்மையாகவே அவருக்குத் தெரியாமல்தான் கேட்டார். வந்து என்ன செய்வது என்று அவளுக்கும் தெரியவில்லை.

கணவர் கோப்பையைக் கீழே வைத்தார். "இங்க பாரு. நீ வேண்டாம்னு சொல்லு, இப்பவே போன் போட்டு வேண்டாம்னுடறேன். அவ்வளவுதான் விஷயம்."

அந்த 'வேண்டாம்' அவள் நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் அடுத்த ஞாயிறு எல்லாம் பழையபடி நடக்கும். செயின், எண்ணெய், கருப்புக் கை, சோப்புத்தூள், தட்டு. அவள் ஐஸ் பெட்டியைப் பார்த்தாள். காலையில் யார் யாரோ வெறும் வயிற்றோடு கையை நீட்டியிருப்பார்கள். வண்டி எங்காவது நின்றால் கணவர் போய் மறுபடி நீட்டச் சொல்ல வேண்டும். அண்ணன் தங்கை இரண்டு பேருக்கும் வாய் திறக்கத் தெரியவில்லை என்பதற்காக ஊரார் கையில் இரண்டு தடவை குத்து விழ வேண்டுமா என்று தோன்றியது.

"எடுத்துருங்க" என்றாள்.

"நெசமாவா?"

"எடுத்துருங்க." பிறகு அண்ணன் பக்கம் திரும்பினாள். முகம் சூடாகிவிட்டது. "ஞாயித்துக்கிழமை வா."

"எதுக்கு?"

"என்னையப் பாக்க."

அண்ணன் சரி என்று சொல்லி நிமிர்ந்தார். மாடிப்படி தலையில் ணங்கென்று இடித்தது. இத்தனை வருடத்தில் வந்தவன் போனவன் எல்லாம் இடித்துக்கொண்டிருக்கிறான், இவர் இடித்து இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்று கணவர் பிற்பாடு சொன்னார்.

சனிக்கிழமை ஷோரூமில் ஓர் ஆள் வந்து வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "செயின் எல்லாம் ரொம்ப நல்லா வச்சிருக்கீங்களே சார். வெளியே குடுத்தீங்களா?" என்று கேட்டார். சேச்சே என்று கணவர் மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார்கள்.

அந்த ஞாயிறு அண்ணன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். வண்டியைத் தாண்டி நேராக உள்ளே வந்து, முன்னறை நாற்காலியில், இரண்டு கையையும் முழங்காலில் வைத்து, போட்டோவுக்கு உட்காருகிற மாதிரி உட்கார்ந்தார். அவளும் எதிரே உட்கார்ந்தாள்.

"வேலையெல்லாம் எப்படி?" என்றார் அண்ணன்.

"போகுது."

"சம்பளம்?"

"வருது."

உள்ளேயிருந்து கணவர், "என்ன இது, போலீஸ் விசாரணையா?" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அண்ணன் வழக்கத்தைவிடச் சீக்கிரமே சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். அவர் போன பிறகு அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அப்படி இருந்ததே என்று வருத்தமாகவும் இருந்தது. அதற்கடுத்த ஞாயிறும் ஏறக்குறைய இப்படித்தான். அதற்குப் பிறகு ஒரு தடவை, கேட்க ஒன்றும் கிடைக்காமல், "காலு எரியுது, ராத்திரி தூக்கம் வரல" என்று அண்ணன் தானாகவே சொன்னார். இதுவரை தன் உடம்பைப் பற்றி அவர் எதுவும் சொல்லி அவள் கேட்டதில்லை. கணவர் எழுந்து போய்ப் பெட்டியை எடுத்துவந்து, மச்சானின் கையை நீட்டச் சொல்லி, அந்த நாற்காலியிலேயே ரத்தம் எடுத்தார். ஒரே குத்துதான். அண்ணன் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "கடைசியில கொசு என்னையும் கடிச்சிருச்சு" என்றார்.

வாரண்டி இன்னும் நடப்பில் இருக்கிறது. போன மாதம் போர்டு போய், சர்வீஸ் சென்டரில் செலவில்லாமல் மாற்றிக் கொடுத்தார்கள். அண்ணனுக்குச் சர்க்கரை இருக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறார். எல்லா ஞாயிறும் வருவதில்லை, முன்பைவிடக் குறைவுதான். வராத வாரத்தில் அவள் கடைக்குப் போய்விட்டு வருகிறாள். இருவரும் இப்போதும் அதிகம் பேசுவதில்லை.